காளைக்குத் தகுதிச் சான்று இருக்கு, டாக்டருக்கு?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஜல்லிக்கட்டுக்கு எதிரி இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் பெரம்பலூர் பக்கமும் பசங்க ரோட்டுக்கு வந்தார்கள், நானும் யூனிஃபார்மோடு போய் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் சித்தப்பா வீட்டுத் தொழுவத்தில் எப்போதும் ஒரு வாடிவாசல் காளை நிற்கும். ஆகவே "பீட்டா கைக்கூலி" என்று ஆரம்பிக்க நினைக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். இன்றைக்கு நான் திட்டப்போவது வேறு ஒரு விஷயத்தை.

போன வருஷம் சித்தப்பா காளை ஒரு ஊரில் அவிழ்ந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல மாடு. ஒருத்தன் கையும் திமிலில் விழவில்லை. அண்டாவும் கட்டிலும் பரிசு வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. பெய்த மூத்திரம் காபி டிகாக்ஷன் நிறம். பாட்டி கண்ணேறு என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு என்றார். வந்து பார்த்த டாக்டர் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி அதற்கு ஊசி போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் மாடு போய்விட்டது. மாலை போட்டு, மேளம் வைத்து, ஊரே கூடிப் புதைத்தோம். சித்தி இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை.

பிறகு ஓய்வுபெற்ற ஒரு கால்நடை மருத்துவரிடம் சித்தப்பா இதைச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். அவர் கேட்டது மூன்றே கேள்வி. "முந்தின வாரம் மாட்டக் கட்டிப்போட்டே தீனி வச்சீங்களா? மக்காச்சோளம் அதிகமாக் குடுத்தீங்களா? வெயில்ல எவ்வளவு நேரம் வரிசையில நின்னுச்சு?" மூன்றுக்கும் பதில் அவர் எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. "சதை உடஞ்சிருக்கு அண்ணே" என்றார். அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் பயத்திலும் தசைநார்கள் சிதைந்து, அதிலிருந்து வரும் நிறமி ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைத்துவிடுமாம். மூத்திரம் காபி நிறமாவது அதனால்தான். உண்ணிக் காய்ச்சலிலும் அதே நிறம்தான் வரும். ஆனால் அது ரத்த அணு உடைவதால் வருவது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பாட்டில் பாட்டிலாக குளுக்கோஸ் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் இந்தக் கட்டுரையே. "தம்பி, குதிரை டாக்டருங்களுக்கு இது அரிச்சுவடி. திங்கட்கிழமை நோய்னே பேரு. ஞாயித்துக்கிழமை லீவு விட்டு முழுத்தீனி போட்டு, திங்கக்கிழமை வேலைக்கு இழுத்தா குதிரை விறைச்சு விழுந்துடும். நாங்களும் காலேஜ்ல ஒரு பாடமாப் படிச்சோம். அப்புறம் முப்பது வருஷம் பாலும் சினை ஊசியுமாப் போச்சு. யாரு ஞாபகம் வச்சிருக்கா?"

நிற்க.

இந்த விளையாட்டு இன்று சட்டப்படி எதன் மேல் நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வீரத்தின் மேல், பண்பாட்டின் மேல் என்று மேடையில் சொல்லலாம். சட்டத்தில் அப்படி இல்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. வால் முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப்பொடி, மது ஊற்றுவது எல்லாம் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டன. 2017-ல் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்து, கூடவே நடத்தும் விதிகளையும் போட்டது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஏன் செல்லும்? திருத்தமும் விதிகளும் சேர்ந்து மாட்டின் வலியையும் துன்பத்தையும் பெருமளவு குறைத்துவிட்டன, ஆகவே பழைய ஜல்லிக்கட்டும் புதிய ஜல்லிக்கட்டும் ஒன்றல்ல என்பதுதான் வாதத்தின் முதுகெலும்பு.

சரி, விதி என்ன சொல்கிறது? காளைக்குப் பந்தல், தண்ணீர், தீனி, ஓய்வு வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறையினர் ஒவ்வொரு காளையையும் பரிசோதிக்க வேண்டும். ஊக்கமருந்து, எரிச்சலூட்டும் பொருள் எதுவும் கொடுக்கப்படவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தகுதியில்லாத காளை களத்துக்குள் போகக்கூடாது.

அதாவது 2017-ல் லட்சக்கணக்கான பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்து மீட்ட விஷயம், இன்று காலை ஐந்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு வாடிவாசல் பின்னால் நிற்கும் ஒரு கால்நடை உதவி மருத்துவரின் கையெழுத்தில் தொங்குகிறது. அந்தக் கையெழுத்து வெறும் கிறுக்கல் என்று நாளைக்கு யாராவது நீதிமன்றத்தில் காட்டிவிட்டால், அந்த முதுகெலும்பே உடையும். ஆகவே அந்த மனிதருக்கு என்ன தெரியும், கடைசியாக எப்போது படித்தார் என்று கேட்பது ஜல்லிக்கட்டுக்கு விரோதம் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் விரோதம்.

நான் பி.காம் படிக்கிறவன், கணக்குப் போட்டே பழக்கம். ஒரு சின்னக் கணக்கு. எங்கள் பக்கம் அன்னமங்கலம், கோக்குடி மாதிரி ஊர்களில் வாடி போட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கக் காளை வந்து இறங்கும். ஒரு களத்துக்கு 600 காளை, ஆறு டாக்டர், காலை 5 முதல் 10 மணி வரை பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300 நிமிடம், மொத்தம் 1800 நிமிடம். ஒரு காளைக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் டோக்கன் பார்த்து, போட்டோ ஒத்துப் பார்த்து, கொம்பு பார்த்து, கண் பார்த்து, சீல் குத்த வேண்டும். பின்னால் "சார் சீக்கிரம் சார்" என்று கத்துகிற கூட்டம். பக்கத்தில் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் "நம்ம மாடு சார்" என்று தோளில் கை போடுவார்.

மூன்று நிமிடத்தில் ஒரு மாட்டைப் படிப்பது சாத்தியமே இல்லையா? சாத்தியம்தான். ஆனால் அது பயிற்சி பெற்ற கண்ணுக்குத்தான். நடையில் எந்தக் காலை லேசாகத் தூக்கி வைக்கிறது, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, கண் கலங்கியிருப்பது தூசியாலா வேறு எதாலா, எது பயம் எது போதை என்பதெல்லாம் ஒரு தனித் திறமை. கறவை மாட்டை வைத்து மட்டுமே இருபது வருஷம் வேலை பார்த்தவரை ஒரு நாள் காலையில் வாடிவாசலில் நிறுத்தி "பார்த்துச் சொல்லுங்க" என்றால், அது அவருக்கும் அநியாயம், மாட்டுக்கும் அநியாயம்.

குதிரைப் பந்தயத்தைப் பாருங்கள். அந்த ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. சூதாட்டம் என்றுதான் 1974-ல் நம் ஊரில் அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் அது திறமை விளையாட்டு என்று சொல்லிவிட்டது. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்து சீல் வைத்ததும் தெரிந்த கதை. ஆனால் எதிரி வீட்டிலும் ஒரு நல்ல பழக்கம் இருந்தால் எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

அமெரிக்காவில் சாண்டா அனிடா மைதானத்தில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து ஆறே மாதத்தில் முப்பது குதிரைகள் செத்தன. பெரிய கூச்சல். 2020 டிசம்பரில் நாடு முழுமைக்கும் ஒரே பந்தயப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். 2022 ஜூலையில் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதில் ஒரு விதி, பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு ஆண்டும் பந்தயக்களம் சம்பந்தப்பட்ட தொடர்கல்வி பெற வேண்டும் என்பது. இத்தனைக்கும் பிறகு 2023-ல் கென்டக்கி டெர்பியைச் சுற்றிய சில வாரங்களில் அதே மைதானத்தில் 12 குதிரைகள் செத்தன. உடனே "படிச்சும் செத்துச்சே, அப்ப படிப்பு எதுக்கு" என்று ஒரு குரல் வரும். அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. பந்தயத்தை வேறு மைதானத்துக்கு மாற்றிவிட்டு, எதை விட்டோம் என்று தேடினார்கள்.

கலிபோர்னியாவில் 1990 முதல், பந்தய மைதானங்களில் சாகும் குதிரைகளை உடற்கூறாய்வு செய்கிறார்கள். அதில் கிடைத்த பெரிய உண்மை இது. ஓடும்போது பட்டென்று முறிந்ததாகத் தோன்றும் எலும்புகளில் பெரும்பாலானவற்றில் அதற்கு முன்பே மயிரிழைக் கீறல்கள் இருந்திருக்கின்றன. அதாவது அது "விதி" இல்லை, முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்று. அந்தப் பாடம் செத்த குதிரையிடமிருந்து உயிரோடிருக்கிற குதிரையின் டாக்டருக்குப் போய்ச் சேர்கிறது. நாம் என்ன செய்கிறோம்? காளை செத்தால் மாலை போட்டு, பட்டு போர்த்தி, ஊர்வலம் விட்டுப் புதைக்கிறோம். நாங்களும் அதைத்தான் செய்தோம். அன்போடுதான் புதைத்தோம். ஆனால் ஏன் செத்தது என்ற கேள்வியையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம். அடுத்த ஊரில் அடுத்த காளை காபி நிறத்தில் மூத்திரம் பெய்யும்போது, அங்கேயும் ஒரு பாட்டி கண்ணேறு என்பாள்.

"ஐந்தரை வருஷம் படிச்சு டிகிரி வாங்கினவங்களுக்கு மறுபடியும் என்னய்யா படிப்பு?" என்று கேட்பவர்களுக்கு நான்கு உதாரணம் தருகிறேன்.

ஒன்று. 2000-ல் கல்லூரியை விட்டு வந்த டாக்டருக்கு வலி மருந்து என்றால் டைக்ளோஃபெனாக். அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக வந்தவற்றில் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் 2023-ல் தடை செய்தார்கள். அடுத்து நிமெசுலைடும் தடையானது. படித்த மருந்து பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு. தோல் கழலை நோய், அதாவது மாட்டுக்கு வரும் பெரியம்மை, இந்தியாவில் முதலில் தென்பட்டதே 2019-ல்தான். அதற்கு முன் படித்து முடித்தவர்கள் அதை நேரில் பார்த்திருக்கவே முடியாது. ஈயும் கொசுவும் பரப்பும் நோய். அறுநூறு மாடுகளை ஒரே திடலில் அடைத்து வைக்கிற நாளில், ஒரு மாட்டின் தோலில் நாலு கட்டியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்று. மக்காச்சோளம். எங்கள் பெரம்பலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் விளைகிறது. போட்டிக்கு முன்னால் தெம்பாக இருக்கட்டும் என்று படி படியாகப் போடுவார்கள். மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் கூடி, அது குளம்பு வரை போய் உள்ளே அழற்சி உண்டாக்கும். வெளியே பார்த்தால் கொழுகொழு காளை. உள்ளே ஒவ்வொரு அடியும் ஊசி. மினுமினுப்பைப் பார்த்துச் சான்று கொடுப்பவருக்கு இது தெரியாது, நிற்கும் விதத்தைப் பார்ப்பவருக்குத் தெரியும்.

நான்கு. மிரண்டு ஓடும் காளையை மயக்க மருந்து கொடுத்து அடக்க வேண்டி வந்தால் சைலசின் என்று ஒரு மருந்து. மாட்டுக்குத் தேவையான அளவு, குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குதான். பதற்றத்தில் கணக்கு தப்பினால் பிடிக்கப் போன காளையைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

இது எதுவும் அந்த டாக்டர்களின் புத்தியைக் குறை சொல்வது ஆகாது. மறப்பது மனித இயல்பு, மாறுவது மருத்துவத்தின் இயல்பு. அதனால்தான் மற்ற தொழில்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். என் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் நடத்தும் ஒரு சி.ஏ. மூன்று ஆண்டில் 120 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். யாரோ ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் கையெழுத்துப் போடுகிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு. மனிதர்களைப் பார்க்கும் டாக்டர்கள் ஐந்தாண்டில் 30 மணி நேரமாவது தொடர்கல்விக்குப் போக வேண்டும் என்று 2002-லேயே மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறையில் எழுதிவிட்டார்கள். கால்நடை மருத்துவர்களுக்கு? 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம் பதிவேட்டில் பெயர் நீடிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டணம் கேட்கிறது. பணம் கட்டினாயா என்று கேட்கிற சட்டம், இந்த ஐந்து வருஷத்தில் என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. டெபிட் இருக்கிறது, கிரெடிட் இல்லை. எங்கள் வாத்தியார் பார்த்தால் விடைத்தாளைக் கிழித்தே போடுவார்.

பயிற்சி வகுப்புகளே கிடையாதா என்றால், உண்டு. கவுன்சிலும் நடத்துகிறது, 1989-ல் தொடங்கிய நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நடத்துகிறது. சென்னையில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடத்தும் மாநிலம் இது, அறிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எல்லாம் கட்டாயத்துக்குத்தான். "போனால் நல்லது" என்பதற்கும் "போகாமல் கையெழுத்துப் போட முடியாது" என்பதற்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இனி வழக்கமான எதிர்வாதங்கள்.

"நம்ம தாத்தா காலத்துல டாக்டரா இருந்தான்? மாடு வளக்கலையா?" வளர்த்தார்கள். ஆனால் தாத்தா காலத்தில் கோயில் மாடு நாலும் ஊர் மாடு பத்தும் அவிழ்ந்தன. ஒரு நாளைக்கு அறுநூறு காளை, நூறு கிலோமீட்டர் லாரிப் பயணம், ஜனவரியில் தொடங்கி மே மாத வெயில் வரை வாரத்துக்கு ஒரு ஊர், முதல் பரிசு காரும் டிராக்டரும் என்பது தாத்தா காலத்துப் பழக்கம் இல்லை. பரிசு பெரிதானால் ஆசை பெரிதாகும், ஆசை பெரிதானால் ஊசியும் வரும். பொருளாதாரம் முதல் வருஷப் பாடம் இது.

"டாக்டருங்களே பத்தல, இதுல பயிற்சிக்கு வேற அனுப்பினா ஆஸ்பத்திரிய யாரு பாக்கறது?" இது நியாயமான கேள்வி. ஒரு டாக்டர் நாலைந்து ஊரைப் பார்க்கிறார், தடுப்பூசி முகாம், கணக்கெடுப்பு, இலவச ஆடு மாடு திட்டம் என்று எல்லாம் அவர் தலையில். ஆனால் நான் கேட்பது வருஷத்தில் இரண்டே நாள், அதுவும் வாடிவாசலில் நிற்கப்போகிறவர்களுக்கு மட்டும். விழா நாளில் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு அவரை அனுப்ப முடிகிற அரசுக்கு, விழாவுக்கு முன்னால் இரண்டு நாள் அனுப்ப முடியாதா?

"செலவு?" அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் 2024 ஜனவரியில் கோடிக்கணக்கில் செலவு செய்து ஏறுதழுவுதல் அரங்கமே திறந்தாயிற்று. கேலரிக்குக் காசு இருக்கிறது. கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற நமக்கு நிழல் இருக்கிறது. மாட்டைப் பார்க்கிறவரின் படிப்புக்கு மட்டும் கஜானா காலியா?

ஆகவே என் கோரிக்கை நான்கு.

டிசம்பர் மாதமே, ஜல்லிக்கட்டு நடக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு நாள் கட்டாயப் பயிற்சி. நொண்டல் கண்டுபிடிப்பது, வெப்ப அயர்ச்சி, தசைச் சிதைவு, மருந்து அளவு, போதை அறிகுறி. அதில் தேறாதவர் கையெழுத்துக்குச் செல்லுபடி கிடையாது. பி.டி.ஓ., தாசில்தார் யார் சொன்னாலும் சரி.

இரண்டாவது, ஒரு டாக்டருக்கு ஒரு காலைக்கு இத்தனை காளைதான் என்று உச்சவரம்பு. டோக்கன் அதற்கு மேல் போகக்கூடாது.

மூன்றாவது, வெளிநாட்டுப் பந்தய மைதானங்களில் இருப்பது போல "டாக்டர் பட்டியல்". நொண்டுகிறது என்று ஒரு ஊரில் திருப்பி அனுப்பிய காளை, அடுத்த ஞாயிறு அடுத்த மாவட்டத்தில் புதுச் சான்றோடு இறங்கக்கூடாது. மாடுகளுக்கு 12 இலக்க எண்ணோடு காதுத்தோடு போடுகிறோமே, அதை இதற்குப் பயன்படுத்தினால் என்ன?

நான்காவது, செத்த ஒவ்வொரு காளைக்கும் உடற்கூறாய்வு. அந்த அறிக்கைதான் அடுத்த டிசம்பர் பயிற்சியின் முதல் பாடம்.

சித்தப்பா இப்போது புதுக் கன்று வாங்கியிருக்கிறார். புலிக்குளம். சுழி பார்த்து, பல் பார்த்து, பத்து பேரிடம் விசாரித்துத்தான் வாங்கினார். தினமும் சாயங்காலம் கிணற்றில் நீச்சல், வரப்பில் நடை. அது வாடிவாசல் பார்க்க இன்னும் மூன்று வருஷம் ஆகும். அதற்குள் அதன் நெற்றியைத் தடவிப் பார்த்துச் சீல் குத்தப்போகிற டாக்டரை யாராவது ஒரு வகுப்பறையில் உட்கார வைத்திருப்பார்களா? சித்தப்பாவிடம் இதைக் கேட்டேன். "மாட்டுக்குச் சுழி பாக்கறோம். டாக்டருக்கு எதைடா பாக்கறது?" என்றார்.

அதைத்தான் நானும் கேட்கிறேன்.